எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்



ஆயுத பூஜை வருகிறது. நம் நாமக்கல் பக்கம் அது வண்டிகளின் பண்டிகை. லாரிப் பட்டறைகளில் வாட்டர் சர்வீஸுக்கு இப்போதே வரிசை நிற்கிறது. சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பீர்கள். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நீளமான பதிவுதான். முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது உங்களுக்கே தெரியும்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் சேலம் ஜங்ஷனிலிருந்து என்னைக் காரில் வீட்டுக்கு அழைத்து வந்தான். பெங்களூரில் நல்ல வேலை, புது வண்டி. நான் உட்கார்ந்ததும் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். அவன் மாட்டவில்லை. ஆனால் வண்டி சத்தம் போடவும் இல்லை. எட்டிப் பார்த்தால் பெல்ட் செருகும் இடத்தில் ஒரு சின்ன உலோக கிளிப் செருகியிருந்தது.

"இது என்னப்பா?"

"பெல்ட் போடலைன்னா கத்திக்கிட்டே இருக்குதுங்க சார். இதைச் சொருகிட்டா கம்முனு இருக்கும். ரொம்ப வெலையெல்லாம் இல்லைங்க சார்."

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தவன். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. வழி நெடுக குடும்பக் கதை, ஊர்க் கதை பேசிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்கும்.

முதலில் கொஞ்சம் வரலாறு.

*

கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1886 ஜனவரி 29 அன்று மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். இது பாடத்தில் வரும். பாடத்தில் வராதது, 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் செய்த காரியம். ஒரு நாள் விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதுவரை யாரும் மோட்டார் வண்டியில் அத்தனை தூரம் போனதில்லை.

வழியில் என்னென்ன நடந்தது தெரியுமா? எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். வீஸ்லாக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில், கறை நீக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். ஒரு ஒயர் உராய்ந்து பழுதானது. காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டையை எடுத்துச் சுற்றினார். எஞ்சின் கொதிக்காமல் இருக்கக் கண்ட இடத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றினார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி அந்தக் கட்டைகளின் மேல் தோல் அடித்து வாங்கினார். இன்று நாம் பிரேக் லைனிங் என்கிறோமே, அதன் பிறப்பு அதுதான்.

உலகத்தில் முதன்முதலில் தூரப் பயணம் போன டிரைவர் வழி நெடுக மெக்கானிக்காகவும் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். வண்டியைச் செய்தவர் வீட்டில் இருந்தார். வழியில் வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஓட்டியவர்தான். நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அது மாறவில்லை.

*

அடுத்தது டயர். காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் டன்லப் என்பீர்கள். அவர் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓட வேண்டும் என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888இல் காப்புரிமை பெற்றார். ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்னாலேயே, 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற 23 வயது ஸ்காட்லாந்து இளைஞர் அதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது தெரிய வந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போயிற்று. தாம்சன் காலத்தில் சைக்கிளும் பெருகவில்லை, காரும் இல்லை. அதனால் அவரை உலகம் மறந்துவிட்டது.

காருக்குக் காற்று டயரைக் கொண்டுவந்தவர்கள் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள். 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் காற்று டயர் போட்ட காரைத் தாங்களே ஓட்டினார்கள். பஞ்சர் மேல் பஞ்சர். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் காற்றின் மேல் கார் ஓடும் என்று ஊருக்குக் காட்டிவிட்டார்கள். 1900இல் அவர்கள் வாகன ஓட்டிகளுக்கு 35,000 பிரதிகள் இலவசமாகக் கொடுத்த கையேடு ஒன்று உண்டு. இன்று ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்களே, அந்த மிஷலின் கையேடுதான். அதன் முதல் பதிப்பில் டயரை எப்படிக் கழற்றுவது, எப்படிச் சரிசெய்வது என்று பாடம் இருந்தது. டயரை விற்றவர்களே, பாதி வேலை உங்களுடையது என்று சொல்லித்தான் விற்றார்கள்.

நாம் தினமும் சொல்லும் 'ஸ்டெப்னி' கூட ஓர் ஊர்த் தெருவின் பெயர். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்தவர்கள் 1904இல் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். பிறந்த நாட்டில் அந்தச் சொல் மறைந்துவிட்டது. நம் ஊர் பஞ்சர் கடையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நம் ஊருக்கும் டயர் வரலாற்றில் இடம் உண்டு. 1946இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய தொழில்தான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. நாமக்கல்லில் பிறந்தவனுக்கு டயரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் சித்தப்பா லாரி டிரைவர். நான் சிறுவனாக இருந்தபோது விடுமுறையில் அவரோடு போயிருக்கிறேன். டீக்கு நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும், டீ குடிப்பதற்கு முன்னால், ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு. காற்று இருந்தால் 'டங்' என்று கையில் எகிறும். இல்லாவிட்டால் 'தொப்' என்று இருக்கும். "காதுல கேளுடா" என்பார். எனக்கு இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும். தெரிந்திருந்தும் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

*

பிரேக்கைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1921இல் அமெரிக்காவில் டியூசன்பெர்க் என்ற கார் நான்கு சக்கரத்துக்கும் திரவ பிரேக்கோடு வந்தது. நீங்கள் பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தை ஒரு திரவம் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. இன்றும் அதே ஏற்பாடுதான். அந்த பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு: காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அதன் தரம் 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சமவெளியில் இது தெரியாது. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குங்கள், அப்போது தெரியும். திரவம் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்; வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னதும் இதற்குத்தான்.

*

இனி பெல்ட்.

நீல்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் முதலில் சாப் விமானக் கம்பெனியில் இருந்தார். ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் ஏற்பாட்டில் வேலை. 1958இல் வால்வோ அவரைத் தன் கார் பாதுகாப்புக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் இருந்த பெல்ட் பெரும்பாலும் வயிற்றைச் சுற்றிக் கட்டுவது. வேகமான மோதலில் அதுவே உள்ளுறுப்பைக் காயப்படுத்தும். போலின் யோசித்தது எளிமையானது. தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே ஒன்று, இடுப்பில் ஒன்று, இரண்டும் இடுப்புப் பக்கம் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஒரே கையால் மாட்ட முடிய வேண்டும். 1959இல் அது காரில் வந்துவிட்டது. வால்வோ அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். செய்யவில்லை.

கொடுத்தாகிவிட்டது. மக்கள் மாட்டினார்களா? இல்லை. சட்டை கசங்கும், மூச்சு முட்டும், தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஆயிரம் காரணம். கடைசியில் 1970இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், பெல்ட் அணிவது கட்டாயம் என்று உலகில் முதன்முதலாகச் சட்டம் போட்டது. பிரிட்டனில் முன் இருக்கைக்கே 1983 வரை ஆயிற்று. பின்னால் உட்காரும் பெரியவர்களுக்கு 1991. நம் நாட்டில் முன் சீட்டுக்கு பெல்ட் வைத்தே கார் செய்ய வேண்டும் என்பது 1994இல் வந்தது. 2019 ஜூலையிலிருந்து, பெல்ட் போடாவிட்டால் கத்தும் ஏற்பாடும் எல்லாப் புதுக் கார்களிலும் வந்தது.

உடனே நாம் அந்தக் கத்தலை நிறுத்த ஒரு கிளிப் செய்துவிட்டோம்! 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பக்கங்களை எடுக்க வைத்தது. அப்படியும் என் மாணவன் வண்டியில் அது இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே இருக்கும் நீங்கள் நிற்க மாட்டீர்கள். அதே 60இல் போய்க்கொண்டிருப்பீர்கள், எதிலாவது மோதும் வரை. அது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். 80 என்றால் எட்டு மாடி. கையை முன்னால் ஊன்றி யாரும் தடுத்துவிட முடியாது. ஏர்பேக் இருக்கிறதே என்பீர்கள். அது பெல்ட் போட்டவருக்குத் துணையாகச் செய்யப்பட்டது. பெல்ட்டுக்குப் பதிலாகச் செய்யப்பட்டதல்ல.

*

இனி எழுதப்போவது உறவுகளில் பலருக்குத் தெரியும். மாணவர்களுக்குத் தெரியாது. உறவுகளுக்கும் முழுதாகத் தெரியாது.

2013 மே மாதம். கரூரில் ஒரு கல்யாணம் முடிந்து மதியம் கிளம்பினோம். வண்டி என்னுடையது, பழைய வண்டியாக வாங்கியது. ஓட்டியது என் அக்கா மகன். நான் முன் சீட்டில். பின்னால் என் அண்ணன் மட்டும். அண்ணி முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார். கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல வெயில். நான்கு வழிச் சாலையில் பின்பக்க வலது டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்து, சுழன்று, நடுவில் இருந்த தடுப்பில் மோதி நின்றது.

எனக்கும் மாப்பிள்ளைக்கும் தோளிலிருந்து இடுப்பு வரை பெல்ட் அழுத்திய கோடு, நீலமாகக் கன்றி மூன்று வாரம் இருந்தது. அவ்வளவுதான். அண்ணன் பின்னாலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து கிடந்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பத்தாம் நாள் இல்லை.

வேகமாக ஓட்டிவிட்டான் என்று சொந்தத்தில் பேசினார்கள். என் காதிலேயே விழுந்தது. அந்தப் பையன் அதன்பிறகு இரண்டு வருடம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "மாமா, நான்தானுங்களே ஓட்டினேன்" என்று என்னிடம் அழுதிருக்கிறான். அவன் எழுபதில்தான் போய்க்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தவன் நான். இதை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போனபோது மெக்கானிக் மற்ற டயர்களைக் காட்டினார். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் டயரில் 1105. அதாவது 2005ஆம் ஆண்டின் பதினோராவது வாரம் செய்தது. எட்டு வருடப் பழசு. மேலே பட்டன் நன்றாக இருந்ததால் நான் மாற்றவில்லை. பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. வண்டி எடுக்குமுன் காற்றும் பார்க்கவில்லை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பிதுங்கி மடங்கும். மடங்க மடங்கச் சூடேறும். மே மாத வெயில், பழைய ரப்பர், குறைந்த காற்று. சித்தப்பா இருந்திருந்தால் ஒரு தட்டில் கண்டுபிடித்திருப்பார்.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. வண்டி வாங்கியதும் சீட் அழுக்காகக் கூடாது என்று நல்ல உறை தைத்துப் போட்டேன். பின் சீட்டில் பெல்ட் செருகும் முனைகள் மூன்றும் அந்த உறைக்கு அடியில் போய்விட்டன. மூன்று வருடம் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அண்ணன் பெல்ட் போட நினைத்திருந்தாலும் போட்டிருக்க முடியாது. ஸ்வீடனில் ஒருவர் யோசித்து, உலகத்துக்கு இனாமாகக் கொடுத்த ஒன்றை, நாமக்கல்லில் ஒரு வரலாற்று வாத்தியார் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

கிளிப் போட்ட என் மாணவனை அன்று நான் ஏன் திட்டவில்லை என்று இப்போது புரியும். திட்டும் தகுதி எனக்கு இல்லை.

*

சரி. பூஜைக்கு வண்டி கழுவும் அன்றே செய்ய வேண்டியதை எழுதுகிறேன். அரை மணி நேர வேலை.

1. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். எல்லா வண்டிக்கும் ஒரே அளவு கிடையாது. ஆள் நிறைய ஏறினால் அளவு மாறும், அதுவும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

2. எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறீர்கள் அல்லவா? அப்படியே டயரின் அந்த நான்கு எண்களையும் படியுங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெடிப்பு, வீக்கம் இருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது டயரே அல்ல.

3. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று பில்லைப் பாருங்கள். பிரேக்கில் கீச்சென்ற சத்தம், பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவது, வண்டி ஒரு பக்கம் இழுப்பது: இதில் எது இருந்தாலும் ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

4. எஞ்சின் ஆறியபின் ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். கூலண்ட் அளவையும் பாருங்கள். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது.

5. ஐப்பசி மழை வருகிறது. வைப்பர் ரப்பரைத் தடவிப் பாருங்கள். அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி 1903இல் அதற்குக் காப்புரிமை வாங்கி, ஒரு கம்பெனிக்கு விற்கப் பார்த்தார். இதனால் லாபம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. நமக்கு வழி தெரிகிறது.

6. பின் சீட் உறையைத் தூக்கி, பெல்ட் முனைகளை வெளியே எடுங்கள். உறையில் வெட்டுவிட்டுத் தைக்கச் சொன்னால் டெய்லர் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டியானால் அதையும் உறை மூடக் கூடாது. பின்னால் உட்காருபவரும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். அபராதம் ஆயிரம் ரூபாய் என்பதற்காக அல்ல, உங்களுக்காகப் போடுங்கள்.

7. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள். மோதலில் எந்தத் தாயின் கையாலும் பிடித்து வைக்க முடியாது. குழந்தைக்கென்று சீட் விற்கிறார்கள். சீர் செய்பவர்கள் வெள்ளிக் கொலுசோடு அதையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.

என் அக்கா மகன் இப்போது நன்றாக ஓட்டுகிறான். நான் ஏறினால், நான் பெல்ட் போட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் சாவி போடுகிறான். பின்னால் திரும்பியும் ஒருமுறை பார்க்கிறான். அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம்.

கிளிப் வைத்திருக்கும் மாணவனுக்கு: தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் உன்னை நான் ஒருநாளும் நிற்க வைத்ததில்லை, இன்றும் வைக்க மாட்டேன். அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு. சத்தம் போட்டால் போடட்டும். உனக்காகத்தான் போடுகிறது.

எல்லோருக்கும் ஆயுத பூஜை வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்